கடல் தெரியாத கடலோரப் பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்ஸின் தென்மேற்குக் கரையில் பைன் காட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்து, இந்தக் கோடையில் போய்வரலாம் என்று நினைத்தவர்கள் இருப்பார்கள். பாரிஸிலிருந்து போர்தோவுக்கு வேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான் என்பதால் அங்குள்ள தமிழர்களுக்கு அது எட்டாத இடமும் அல்ல. "ஒருபுறம் அட்லாண்டிக் அலை, மறுபுறம் பைன் மரம், நடுவில் சமதளமான நல்ல ரோடு" என்கிறது கட்டுரை. மூன்றில் பைன் மரம் மட்டும்தான் சரி. மற்ற இரண்டையும் நம்பிப் புறப்படுகிறவர் தவறான டயரோடும் போதாத தண்ணீரோடும் போய் நிற்பார்.

முதலில் கடல். ரோஸ்கோஃபிலிருந்து ஸ்பெயின் எல்லையிலுள்ள ஆந்தாய் வரை சுமார் 1,300 கி.மீ. ஓடும் 'லா வெலோதிசே' என்ற பாதை, நார்வேயிலிருந்து போர்ச்சுகல் வரை இறங்கும் யூரோவெலோ 1-இன் பிரெஞ்சுப் பகுதி. கட்டுரை பேசும் பெருங்காடு இதன் தெற்குத் துண்டில் வருகிறது. ஜிரோந்த் முகத்துவாரத்தில் இருக்கும் லெ வெர்தோனில் தொடங்கிப் பயோன் வரை, ஏறக்குறைய 300 கி.மீ. இந்தத் தூரத்தில் பெரும்பகுதி கடலைக் கண்ணால் பார்க்க முடியாது. அலைச் சத்தம் கேட்கும், உப்புக்காற்று அடிக்கும், அவ்வளவுதான். இடையில் மணல்மேடு நிற்கிறது.

அந்த மேடு ஏன் அங்கே நிற்கிறது என்று தெரிந்தால் பாதையின் மற்றக் கோளாறுகளும் புரியும். காடு வருவதற்கு முன் இந்தக் கரையில் மணல் ஊர்ந்துகொண்டிருந்தது. லெ வெர்தோனிலிருந்து கிளம்பியதும் வரும் முதல் ஊர் சூலாக். அங்குள்ள பழைய தேவாலயத்தை 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மணல் மூடிவிட்டது. நூறு ஆண்டு கழித்துத்தான் தோண்டி மீட்டார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் பிரெமோந்தியே என்ற பொறியாளரின் மேற்பார்வையில் மணலைக் கட்டும் வேலை சூடுபிடித்தது. கரையோரம் பலகை வேலி நடுவார்கள். காற்று கொண்டுவரும் மணல் வேலியில் சேரும். வேலி புதைந்ததும் பலகைகளை மேலே உருவி மறுபடி நிறுத்துவார்கள். இப்படி மேடு உயர்ந்தபின் அதன்மேல் மணற்புல், அதற்குப் பின்னால் பைன் விதை. உள்நாட்டுச் சதுப்பு நிலத்தை வடித்துப் பைன் வைக்கச் சட்டம் வந்தது மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1857-இல். இன்று லாந்த் எனப்படும் இந்தக் காடு ஏறக்குறைய 10 லட்சம் ஹெக்டேர். ஆக, இது இயற்கைக் காடு அல்ல. வைத்து வளர்த்து வெட்டும் தோப்பு. நம் சோழமண்டலக் கரையில் சவுக்கு செய்யும் வேலையை அங்கே பைன் செய்கிறது. (சவுக்கின் ஊசி உண்மையில் இலை அல்ல, மெல்லிய கிளை, பைனின் ஊசிதான் இலை. காய்ந்து வளைவில் கிடந்தால் டயருக்கு இரண்டும் ஒன்றுதான்.)

கடல் பார்க்க வேண்டுமானால் கடற்கரை ஊர்களில் பாதையை விட்டு விலகி, வண்டியைப் பூட்டிவிட்டு, நடைபாதை வழியாக மேட்டைக் கடக்க வேண்டும். புல்லை மிதித்துக் குறுக்கே ஏறக்கூடாது. அந்தப் புல்தான் மேட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. கடல் நெருங்குவதும் உண்மை. சூலாக்கில் 1960-களின் இறுதியில் கடலிலிருந்து எட்டக் கட்டிய ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை, கரை அரித்து வந்ததால் 2014-இல் காலிசெய்து 2023-இல் இடித்தார்கள். ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய வரைபடத்தில் கரையை ஒட்டிக் காட்டிய பாதைத் துண்டு இன்றும் அங்கேயே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இனி ரோடு. 'சமதளம்' என்றால் இரண்டு பொருள்: ஏற்றம் இல்லை, தளம் வழவழப்பு. இரண்டுமே பாதி உண்மை. உள்நாட்டில் தட்டையாகத்தான் இருக்கிறது. பழைய மணற்குன்றுகளின் மேல் பாதை ஏறும் இடங்களில், குறிப்பாக லக்கனோ சுற்றிலும், ஆர்க்காஷோனுக்கும் பிஸ்கரோஸுக்கும் நடுவிலும், குட்டையான ஆனால் வெடுக்கென்ற ஏற்றங்கள் அடுத்தடுத்து வரும். எதுவும் நீளமில்லை. பின்னால் பை கட்டிய வண்டியில் ஒரு மணி நேரத்தில் இருபது முறை கியர் மாற்றவைக்கும்.

தளம் மூன்று வகை. ஊர்தான், கார்கான், லக்கனோ பக்கம் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை தன் கரையரண் வேலைக்காகப் போட்ட கான்கிரீட் தடங்களில் சில இப்போது சைக்கிள் பாதை. பலகை பலகையாக ஊற்றிய கான்கிரீட். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு 'தட்'. எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய குறுகல்களும் உண்டு. இரண்டாவது, பழைய ரயில் தடங்கள். போர்தோவிலிருந்து லக்கனோவுக்குப் போகும் பாதை அப்படிப்பட்டது. தண்டவாளம் எடுத்த தடம் என்பதால் ஏற்றமே இருக்காது, வளைவும் இருக்காது, சில பேருக்குப் பொறுமையும் இருக்காது. மூன்றாவது, காட்டுக்குள் போட்ட தார்ப்பாதை. பார்க்க அழகாக இருப்பதும் ஆளைக் கவிழ்ப்பதும் இதுதான்.

காரணம் வேர். லாந்த் காட்டின் பல இடங்களில் மேல்மணலுக்குக் கீழே இரும்புச்சத்து கட்டிப்போன ஒரு கெட்டிப்படலம் இருக்கிறது. உள்ளூரில் 'ஆலியோஸ்' என்பார்கள். அதைத் துளைக்க முடியாத வேர் பக்கவாட்டில் ஓடுகிறது. தாருக்கு அடியில் ஈரம் காயாமல் நிற்பதால் வேர் அங்கே தேடிப்போய்ப் பருக்கும், தாரைத் தூக்கும். குறுக்கே ஒரு கைப்பிடி அகலத்துக்கு வரப்புபோல் எழும்பியிருக்கும். மர நிழலில் வெயில் புள்ளிபுள்ளியாக விழும்போது இந்த வரப்பு கண்ணில் படாது. இதற்காகவே கறுப்புக் கண்ணாடியை விட்டு, வெளிர்பழுப்பு அல்லது வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் கண்ணாடி போடுவது நல்லது. வரப்பைச் செங்கோணத்தில் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால், அதுவும் மழை ஈரத்தில், முன்சக்கரம் வேரோடு வழுக்கிப் போய்விடும். கடக்கும் நொடியில் சீட்டிலிருந்து சற்றே எழுந்து முழங்கையைத் தளர்த்தினால் போதும்.

இப்போது டயர். கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பது ரேஸ் சைக்கிள், அதில் 25 மி.மீ. டயர். இந்தப் பாதைக்கு அது இரண்டு வகையிலும் தோற்கும். 25-க்கு வேண்டிய அளவு, அதாவது 85, 90 பி.எஸ்.ஐ. காற்று அடித்தால் கான்கிரீட் இணைப்புகள் மணிக்கட்டை அடித்தே ஓய்க்கும். வலிக்கிறதே என்று காற்றை இறக்கினால் வேர்வரப்பு டியூபை ரிம்மோடு சேர்த்து நசுக்கும். பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளை. 28 மி.மீ. குறைந்தபட்சம், வண்டி இடம் கொடுத்தால் 32. எழுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் சுமையில்லாத வண்டியில் போனால் 28-க்குப் பின்னால் 70, முன்னால் 65 பி.எஸ்.ஐ.; 32-க்குப் பின்னால் 58, முன்னால் 52 அளவில் தொடங்கலாம். பத்துக் கிலோ பை கட்டினால் பின்சக்கரத்துக்கு ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். ரிம்மில் ஏதாவது உச்சவரம்பு அச்சிட்டிருந்தால் அதைத் தாண்டக்கூடாது.

டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் காட்டில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. பாதையோரம் மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர் நிறைய. ஓரத்தை வெட்டிச் சீராக்கும் இயந்திரம் போனபின் அந்த முள் பாதை முழுக்கச் சிதறிக் கிடக்கும். டியூப் வைத்திருப்பவர்கள் மாற்று டியூப் இரண்டு, ஒட்டு, டயர் நெம்பி, கைப்பம்பு கொண்டுபோக வேண்டும். பஞ்சர் போட்டபின் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி முள் முனையை எடுக்காமல் புது டியூப் மாட்டினால், அடுத்த ஐந்து கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி ஒட்டு.

மணல் வருவது இரண்டு வழியில். கடற்கரைக் கார் நிறுத்தங்களுக்கு அருகே காற்று கொண்டுவந்து கொட்டும். காட்டுக்குள் தீயணைப்பு வண்டிகளுக்கான மண்தடங்கள் பாதையைக் குறுக்கே வெட்டும் இடங்களில் லாரிச் சக்கரம் இழுத்துவந்து போடும். மணல் தெரிந்ததும், அதில் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஒன்றிரண்டு கியர் இறக்க வேண்டும். உள்ளே போனபின் திருப்புவதோ முன்பிரேக் பிடிப்பதோ கூடாது. கையைத் தளர்த்தி, சீட்டிலேயே பின்தள்ளி உட்கார்ந்து, மிதிப்பதை நிறுத்தாமல், மணல் முடியும் இடத்தைப் பார்த்தபடி போனால் நான்கு மீட்டர் தாண்டலாம். அதற்கு மேல் என்றால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை. கால் பூட்டும் பெடல் வைத்திருப்பவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் நிற்கிற வேகத்தில்.

செயினுக்கு ஈர எண்ணெய் போடாதீர்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் சாணைக்கல். செயினும் பல்சக்கரமும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேயும். மெழுகு வகை மசகு தடவி, மாலையில் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, துணியால் துடைத்து, மறுநாளுக்குக் கொஞ்சம் தடவினால் போதும். உப்புக்காற்று படிந்த வண்டியை நல்ல தண்ணீரில் கழுவலாம். அழுத்தக் குழாயை அச்சுகளை நோக்கிப் பீய்ச்சினால் உள்ளிருக்கும் கிரீஸ் போய் மணல் குடியேறும். மரத்திலிருந்து சொட்டும் பிசின் டயரில் ஒட்டினால் மணலையும் ஊசியையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். எண்ணெயால் துடைக்கிறவர்கள் அது டிஸ்க் பிரேக்கில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் பிரேக் கட்டையையே மாற்ற வேண்டியிருக்கும்.

கட்டுரை ஒரு வார்த்தைகூடச் சொல்லாத ஆபத்து, நடுக்கம்பம். கார் நுழையாதிருக்கப் பாதைகளின் வாயில், ரோட்டைக் கடக்கும் இடங்களில், சரியாக நடுவில் மரக்கம்பம் நட்டிருப்பார்கள். தனியாகப் போகிறவருக்குத் தூரத்திலேயே தெரியும். ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போகும் குழுவில் முன்னால் இருப்பவர் விலகும்போதுதான் பின்னால் வருபவர் முகத்துக்கு நேரே கம்பம். முதல் ஆள் கத்திச் சொல்லியே ஆக வேண்டும். இருபுறமும் பை தொங்கவிட்ட வண்டிகள் சில இடங்களில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உரசும். பையின் அகலத்தை ஹேண்டில்பார் அகலத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

சைக்கிள் பாதை போரடிக்கிறது, பக்கத்து ரோட்டிலேயே போகலாம் என்று நினைப்பவர்கள் பலகையைப் பார்க்க வேண்டும். நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் என்றால் பாதையில் போவது கட்டாயம். நீலச் சதுரம் என்றால் உங்கள் விருப்பம். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. வலப்பக்கம் ஓட்ட வேண்டும். குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு முன்னுரிமை. ஆனால் சைக்கிள் பாதை ரோட்டைக் கடக்கும் இடங்களில் பெரும்பாலும் சைக்கிள்காரருக்குத்தான் 'நில்' பலகை, அதுவும் சின்னதாக. இருட்டிலும் மங்கலான நேரத்திலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் 2017 முதல் கட்டாயம். பெரியவர்களுக்குச் சட்டம் சொல்லவில்லை, வேர்வரப்பு சொல்லும். ரோட்டில் மரம் ஏற்றிய லாரிகள் வரும். நேர்கோட்டு ரோடு, வேகம் அதிகம். லாரி கடந்ததும் ஒரு காற்று தள்ளும், அதன் பின்னாலேயே ஒரு காற்று இழுக்கும்.

தண்ணீருக்கு முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு. வடக்கே, ஜிரோந்த் முகத்துவாரத்துக்கும் கடலுக்கும் இடையிலான மெதோக் பகுதியில் இருபது கிலோமீட்டர் வரைகூடக் கடையோ குழாயோ இல்லாத துண்டுகள் உண்டு. பருவம் முடிந்தால் கடற்கரைக் கடைகள் பூட்டிக் கிடக்கும். உள்ளூர்ச் சைக்கிள்காரர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். பூச்செடிக்கு ஊற்ற ஏறக்குறைய எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் குழாய் இருக்கும், பெரும்பாலும் ஊர்க் குடிநீர்தான். 'ஓ நோன் பொத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது.

திசை, வடக்கிலிருந்து தெற்கு. இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும். காட்டுக்குள் தெரியாது, மரம் வெட்டிய வெட்டவெளிக்கு வரும்போது பக்கவாட்டில் அறையும். நாற்பது ஐம்பது ஆண்டு வளர்ந்த மரத்தை ஒரு பெரும்பாத்தியாக மொத்தமாக வெட்டுவது அங்குள்ள முறை. அதனால் 'முழுக்க நிழல்' என்ற வர்ணனையையும் குறைத்துப் படியுங்கள். பை கட்டிய வண்டிக்கு நாளொன்றுக்கு அறுபது எழுபது கிலோமீட்டர், நான்கைந்து நாள். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் காலை பத்து மணி முதல் கடற்கரைக்குப் போகும் குடும்பங்களும், மாலையில் திரும்பும் அதே குடும்பங்களும் பாதையை நிறைப்பார்கள். அலைச்சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையில் ஓட்டும் இளைஞர்கள் உட்பட. வேகம் பழக வேண்டுமென்றால் காலை ஏழுக்குள் கிளம்புங்கள்.

கோடையில் கூட்டத்தைவிடப் பெரிய விஷயம் தீ. 1949 ஆகஸ்டில் இந்தக் காடு எரிந்தபோது 82 பேர் இறந்தார்கள். 2022 ஜூலையில் லாந்திராஸிலும் லா தெஸ்த் பக்கமும் ஒரே சமயத்தில் பற்றிய தீயில் சுமார் 20,000 ஹெக்டேர் போயிற்று. லா தெஸ்த் தீ இந்தப் பாதை போகும் காட்டிலேயே, பிலா மணற்குன்றின் அடிவாரத்துக் கூடார முகாம்களையும் சேர்த்து எரித்தது. அங்கே இப்போது வெயிலில்தான் ஓட்ட வேண்டும். தீ அபாயம் கூடும் நாட்களில் மாவட்ட நிர்வாகம் காட்டுக்குள் நடமாட்டத்தைத் தடுக்கும்; சைக்கிள் பாதையும் அதில் அடங்கலாம். முந்தின இரவே மாவட்ட நிர்வாகத்தின் எச்சரிக்கையைப் பார்த்து, உள்நாட்டு ரோடு வழியாக மாற்றுத் திட்டம் ஒன்று கையில் வைத்திருக்க வேண்டும். டீ போடும் சின்ன அடுப்பைக் காட்டுக்குள் பற்றவைப்பது தண்டனைக்குரியது. புகை கண்டால் 112.

குளிர்கால முடிவிலும் வசந்தத்திலும் போகிறவர்கள் பைன் மரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் இறங்கும் கம்பளிப்புழுக்களைத் தொடக்கூடாது, மிதிக்கவும் கூடாது. அதன் மயிர் காற்றில் பறந்தே தோலைத் தடிக்கவைக்கும், கண்ணை எரிக்கும். அக்டோபர், நவம்பரில் காட்டுப்புறா வேட்டை. சருகால் மூடிய மறைவிடங்களுக்கு அருகே உரக்கப் பேசிக்கொண்டு போனால் வேட்டைக்காரர்கள் நல்லபடியாகப் பேசமாட்டார்கள்.

ஆர்க்காஷோன் விரிகுடாவில் இரண்டு வழி. கப் ஃபெரே முனையிலிருந்து படகில் வண்டியோடு ஏறினால் அரை மணியில் எதிர்க்கரை. குளிர்காலத்தில் நடைகள் குறைவு, காற்று பலமானால் நிற்கும். இல்லையேல் விரிகுடாவைச் சுற்ற வேண்டும், அதற்கு ஒரு நாளின் பெரும்பகுதி போகும். காடு குறைவு, ஊர்கள் அதிகம். குஜான்-மெஸ்த்ராஸில் கரையோரக் குடில்களில் சிப்பி சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் சுற்றுவது நியாயம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த வரைபடத்தில் பிஸ்கரோஸ் கடற்கரையிலிருந்து மிமிசானுக்குப் போகும் பாதைக் கோட்டினைக் கரையோரமாகவே இழுத்திருக்கிறீர்கள். அந்தக் கரை ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைக் களம். வேலி போட்டு மூடியது. உண்மையான பாதை அங்கே கிழக்கே திரும்பி, ஏரிக்குப் பின்புறமாகக் காஸ்த், செந்த்-யூலாலி ஊர்கள் வழியாகச் சுற்றி மிமிசானுக்கு வருகிறது. படத்தை வெட்டி வைத்துக்கொண்டவர்கள் இருப்பார்கள். வரும் ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு கோட்டையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
போர்தோ, பிரான்ஸ்.